அஜிஷா வெட்டிய பாட்டு

அஜிஷாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கத்தரிக்கோல் கையில் கிடைத்துவிட்டால் போதும், யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்!

அமீரகத்தின் புஜைராவில் அவள் படித்த பள்ளியில் உலக நாடுகள் விழா வந்தது. மங்கோலியாவுக்கான பலகை அஜிஷாவின் பொறுப்பு. அவளுடைய மங்கோலியத் தோழி நோமின் இரண்டு தாள்களைக் கொடுத்து, "ரெண்டையும் ஒட்டிடு" என்றாள். மறுநாள் நோமினுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை.

ஒரு தாளில் ரஷ்ய எழுத்தில் வரிகள் இருந்தன. இன்னொன்றில், மேலிருந்து கீழே பூச்சரம் தொங்குவது போல, ஐந்து நெளிநெளிக் கோடுகள்.

"அட, பார்டர் டிசைன்!" என்றாள் அஜிஷா. கரக், கரக்! ஐந்து பட்டைகளாக வெட்டிப் பலகையைச் சுற்றி ஒட்டிவிட்டாள்.

விழா அன்று நோமின் தன் அம்மாவோடு வந்தாள். அம்மாவின் கையில் கேமரா. பலகையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ அஜிஷா, அது டிசைன் இல்ல, எழுத்து!" என்றாள் நோமின். "அப்பா மங்கோலியா நாட்டுக்காரர். ரஷ்ய எழுத்துல எழுதுவார். அம்மா சீனாவுல பிறந்த மங்கோலியர். அவங்க ஊர்ல பழைய எழுத்து. ஆனா ஒரே மொழிதான். ரெண்டு தாள்லயும் விருந்தாளிய வரவேற்கிற ஒரே பாட்டுதான் இருந்துச்சு."

"கேமரா எதுக்கு?"

"அம்மா எழுத்து என் ஸ்கூல்ல தொங்குறத அவங்க ஊருக்கு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். மூணு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினாங்க."

சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! அஜிஷா பட்டைகளை மெல்ல உரிக்கத் தொடங்கினாள்.

மருத்துவமனை டியூட்டி முடிந்து அப்போதுதான் அவள் அம்மா தேவகனி வந்தார். "என்ன மக்ளே, பலகைய ஏன் பிக்குத?"

"ஒரு பாட்ட வெட்டிப்போட்டேன்மா" என்றாள் அஜிஷா. கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

நான்கு பட்டைகள் முழுதாக வந்தன. ஐந்தாவது கிழிந்து நார்நாராகிவிட்டது.

"சாரி ஆன்ட்டி, கேட்காம வெட்டிட்டேன். இதுல எது முதல் வரி?" என்று நோமினின் அம்மாவிடம் கேட்டாள்.

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இடமிருந்து வலமாக ஒட்டச் சொன்னார். அஜிஷா ஒரு வெள்ளைத் தாளில் அதே வரிசையில் ஒட்டினாள். கிழிந்துபோன கடைசி வரியின் இடம் காலியாகவே இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேமராவை எடுத்தார்.

அந்தப் போட்டோவில் நோமின் சிரிக்கிறாள். அஜிஷா சிரிக்கவில்லை. தான் பிடித்திருக்கும் தாள் தலைகீழாக இல்லையே என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.