ஸ்லைடில் பார்த்த ஆள்

"இந்தத் தாத்தா பாக்கெட் பாக்கெட்டா ஊதித் தள்ளியிருக்கார்க்கா... பாவம் மூச்சுக்குழாய்!"

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் டாக்டர். முதலில் ஸ்லைடைப் பார்ப்பது, ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகிப்பது, பிறகே விவரத்தாளைப் படிப்பது... அது அவள் பழக்கம். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால் வந்த திமிரும் கொஞ்சம் உண்டு.

டெக்னீஷியன் அக்கா ஸ்லைடின் எண்ணை உரக்கப் படித்தாள். வாசலில் யாரோ இருமினார்கள்.

"அது என் நம்பருங்க."

திரும்பினாள். மழையில் நனைந்த சட்டை, கையில் சீட்டு, முப்பதைத் தாண்டாத முகம். ரிப்போர்ட் வாங்க வந்தவன் கதவு மாறி நுழைந்திருக்கிறான். அந்தக் கண்கள் மட்டும்... அடடா, அதில் இருப்பது கோபமா, சிரிப்பா?

"தாத்தான்னதைக்கூட மன்னிச்சிடலாம். சிகரெட்டை நான் தொட்டதே இல்ல. வெல்டருங்க நான்."

"அப்ப மாஸ்க் போட வேண்டியதுதானே?"

"தப்பு உங்க மேல. என்னைக் கேள்வி கேக்கறீங்க!"

ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். அவளுக்குத்தான் வாய் வரவில்லை. உங்க ரிப்போர்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

பிறகு அவன் வரவே இல்லை. அவள் அந்த ஸ்லைடை மறுபடி மறுபடி எடுத்து வைத்தாள். தூசியை வெளியே தள்ளும் மெல்லிய செல்கள் வெல்டிங் புகை தாங்காமல் போய், அங்கே தட்டையான முரட்டுச் செல்கள் வந்திருந்தன. பிழைக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு. புகை நின்றால் பழையபடி ஆகலாம். நிற்காவிட்டால் செல்கள் கெட்டுக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் மீளாது. இது அவனுக்குத் தெரியாது. தெரியாமல் போனது இவளால்.

"எத்தனை தரம்தான் ஸ்லைடையே பார்ப்பீங்க?" என்றாள் அக்கா. "ஆளைப் போய்ப் பாருங்களேன்!"

பட்டறை முகவரி விவரத்தாளில் இருந்தது. அப்படியெல்லாம் தேடிப் போகக்கூடாதுதான். போனாள்.

தீப்பொறி அடங்கியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"அட, டாக்டரம்மா! ரிப்போர்ட்டைப் பட்டறை தேடித் தர்றதும் உங்க வேலையா?"

"இல்ல... அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க." பிறகு ஸ்லைடில் கண்டதை எல்லாம் சொன்னாள்.

அவன் முகத்திலிருந்த கேலி மறைந்தது. "சரியாயிடுமாங்க?"

"மாஸ்க் போட்டு, காத்தோட்டமா வேலை செஞ்சா ஆகலாம். திரும்ப டெஸ்ட்டுக்கு வரணும். வருவீங்கதானே?"

"வரேன். ஆனா இதுக்காகவா இவ்ளோ தூரம்...?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு எல்லாரும் கண்ணாடித் துண்டுலதான் பழக்கம். முகம் ஞாபகம் இருந்ததே இல்ல. உங்க முகம் போக மாட்டேங்குது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கையுறையைக் கழற்றினான்.

"அழாதீங்க... எனக்கும்தான். கோவிச்சுக்கிட்டுப் போனேனே தவிர, அன்னைலேர்ந்து உங்க நெனப்புதாங்க. ரொம்ப நாள் உயிரோட இருக்கணும்னு இப்பத்தாங்க ஆசையே வருது."