வாசலைப் பார்க்கும் கேமரா

கேமராவை மூடியிருந்த வெள்ளைத்துணி லேசாக அசைந்தபோது, விசிறிக் காற்று என்றுதான் ஜுஹைனா நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். விசிறி ஓடவில்லை.

அப்போதுதான் புது ரூட்டரைச் செட் செய்து முடித்திருந்தாள். கம்பெனிக்காரன் மாற்றிக்கொடுத்த மோடத்தின் சிக்னல் படுக்கையறை வரை எட்டவில்லை. சொந்தமாக ஒரு ரூட்டரைத் தென்காசியிலிருந்து வரவழைத்து, மோடத்திலிருந்து வயர் இழுத்துச் சொருகினாள். அது பெயர் கேட்டபோது யோசிக்கவே இல்லை. பழைய வைஃபைக்கு அவள் புருஷன் ஹுஸைஃபா வைத்திருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அடித்தாள். டிவியும் போனும் தானாகப் பிடித்துக்கொள்ளுமே என்ற நினைப்பு. கேமராவும் பிடித்துக்கொள்ளும் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

சவூதியில் வேலைபார்த்த தம்மாமிலிருந்து வீட்டைப் பார்ப்பதற்கென்று அவர் மாட்டிய கேமரா அது. வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் அதன் வழியாகவே, "சாப்ட்டியா புள்ள?" என்பார். குரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். இவள் அடுக்களைப் பக்கம் போனால் கேமராவின் தலையும் கூடவே திரும்பும். "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா மச்சான்?" என்று பொய்யாக ஏசுவாள். லீவில் வருவதை மட்டும் வாயால் சொல்லமாட்டார். திருவனந்தபுரத்தில் இறங்கி, வண்டி புளியறை தாண்டியதும், கேமராவை வாசல் கதவைப் பார்க்கத் திருப்பிவைப்பார். அதைக் கண்டதும் இவள் ஓடிப்போய்த் தலைசீவுவாள்.

இந்தத் தடவை அவர் வரவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோய், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட இவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. புருஷன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண்ணின் மேல் எந்தக் கண்ணும் படக்கூடாது என்று அவரைப் பெற்ற மாமிதான் கேமராவைத் துணியால் மூடினார். இத்தா முடிந்து, மாமி தன் மகள் வீட்டுக்குச் செங்கோட்டை போன பிறகும், அந்தத் துணியை எடுக்க இவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது எடுத்தாள்.

நீல விளக்கு எரிந்தது. வெளியே குற்றாலத்துச் சாரல் கடையநல்லூர் வரை வந்து ஓட்டில் மெல்லத் தூறிக்கொண்டிருக்க, மஃரிப் நேரத்து மங்கல் வெளிச்சத்தில், கரகரவென்று ஒரு சின்னச் சத்தத்தோடு கேமரா இவள் பக்கம் திரும்பியது. சுவரோரம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. எங்கிருந்தோ, இறந்தவர்களைக் குளிப்பாட்டும்போது போடும் கற்பூர வாசம் வந்தது. போனை எடுத்து, தம்மாமில் அவரோடு ரூமில் இருந்த யஹ்யாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவங்க போன இப்ப யாரும் எடுத்தாங்களா?"

"இல்லியே மதினி. என் பெட்டிக்குள்ளதான் கெடக்கு. சார்ஜ் எறங்கிச் செத்துப்போச்சு. ஏன் கேக்கிய?"

கேமராவைத் திருப்பும் ஆப் அந்த ஒரு போனில் மட்டும்தான் உண்டு. போனை வைத்துவிட்டாள்.

வயரைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. பிடுங்கினால் போய்விடுவாரே. பயத்தைவிட அந்த நினைப்புதான் அவளை அறுத்தது.

"மச்சான்," என்றாள். அழுகை முட்டியது. "ஒரே ஒரு தடவ பேசுங்க. அது போதும் எனக்கு."

கேமரா மெல்லத் திரும்பியது. அடுக்களையைத் தாண்டி. ஜன்னலைத் தாண்டி.

வாசல் கதவில் நின்றது.

ஜுஹைனா தலையைக் கோதிக்கொண்டாள். புத்தி வேண்டாம் என்றது. கால் கேட்கவில்லை. ஓடினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. நனைந்த தெரு. தூறல். சில்லென்று ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. கற்பூர வாசம் நெஞ்சை அடைத்தது.

முதுகுக்குப் பின்னால் கேமராவிலிருந்து குரல் கேட்டது. அவருடைய குரலேதான். எத்தனை நாள் ஏங்கிய குரல். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"புள்ள... கதவத் தொறந்திராத. வாசல்ல நிக்கது நான் இல்ல."

திரும்பினாள். கேமரா வாசலைப் பார்க்கவில்லை. கரகரவென்று, எதையோ பின்தொடர்வதுபோல், கூடத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வரை. அடுக்களை வரை. பிறகு மெல்ல, மெல்ல, இவள் பக்கம்.

கேமராவின் பார்வை இவள் முகத்துக்குச் சற்று மேலே, தோளுக்குப் பின்னால், வந்து நின்றது.