வெள்ளிக்கிழமை வெறி

செல்போன் அலறியது.

"சார்... ஸ்கூல்ல இருந்து பேசுறோம். உங்க பொண்ணு ஜானு, மிஸ்ஸோட கையைக் கடிச்சு ரத்தம் வர வச்சுட்டா!"

"மறுபடியுமா?"

இன்ஸ்பெக்டர் சொக்கநாதனுக்கு மானமே போயிற்று. ஊரையே அடக்குகிறவருக்கு ஆறு வயதுப் பெண்ணை அடக்கத் தெரியவில்லை!

"அது மட்டுமில்ல சார்... இப்ப உதடெல்லாம் வீங்கி மூச்சுத் திணறுறா. ஸ்கூல் வேன்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம்..."

ஜீப் கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது!

ஜானுவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேன் டிரைவர் காளை நின்றான். சட்டையெல்லாம் குழந்தையின் வாந்தி. அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

முன்பே வந்திருந்த மனைவி மாதங்கி பதறினாள்.

"பால் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து வீட்ல தயிர், நெய் கூடக் கிடையாதுங்க. யாரோ குடுத்திருக்காக!"

சொக்கநாதனின் போலீஸ் மூளை கணக்குப் போட்டது. வீட்டில் சாது. பள்ளிக்கூடத்தில் பேய். அதுவும் வெள்ளிக்கிழமை தவறாமல்! நடுவில் இருப்பது...

வேன்!

பளார்!

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

"எம்புள்ளைக்கு என்னடா குடுத்த?"

"பச்சத் தண்ணி கூடக் குடுக்கல சார்... எம்மவ மாதிரி சார் அது..."

"எம்புட்டு நாளாடா நடக்குது இது?"

கையை மறுபடியும் ஓங்கினார்.

"சார்!" டாக்டர் ஹம்சவேணி கதவைத் திறந்தார். "ஊசி போட்டாச்சு. பொழச்சுக்கிட்டா. பால் குடுத்தது யாருன்னு அவளே சொல்லிட்டா."

"இந்தப் பயதானே?"

"உள்ள வந்து நீங்களே கேளுங்க."

வீங்கிய உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தாள் ஜானு.

"அப்பாதான்... சாமி பால்..."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

பள்ளிக்கூடத்தில் எப்போதாவது தலைகாட்டிய மகளின் கோபம் தணியட்டும் என்று அம்மனுக்குப் பாலாபிஷேகம் நேர்ந்துகொண்டவர் அவர்தான். வெள்ளிதோறும் வேன் வருமுன் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அபிஷேகப் பாலில் ஒரு மடக்கு கொடுப்பார். கோபம் தணியவில்லை... கூடியது. கூடியதே என்று, இன்றைக்கு ஒரு டம்ளர்!

"அது பிரசாதம் டாக்டர்... பிரசாதம் என்ன செய்யும்?"

"அம்மன் மேல ஊத்துனாலும் மாட்டுப் பால், மாட்டுப் பால்தான் சார். உடம்பு பூரா அரிப்பு, வயித்து வலி... எல்லாப் புள்ளைக சேட்டைக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இவளுக்கு நோவைச் சொல்லத் தெரியல. கடிக்கத்தான் தெரிஞ்சிருக்கு."

போன வாரம், "அடங்க மாட்டியா?" என்று அவளை பெல்ட்டால் விளாசியது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாதங்கி திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் அவர் பக்கம் திரும்பாமல் மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். காளை அதே இடத்தில்தான் நின்றான். கன்னம் கன்றிப் போயிருந்தது.

"பாப்பா எப்பிடி இருக்கு சார்?"

"பொழச்சுக்கிட்டா."

"குடுத்தவன் சிக்கிட்டானா சார்?"

சொக்கநாதன் கைகூப்பினார்.

"சிக்கிட்டான். நான்தான் காளை... என்னை மன்னிச்சிரு."

காளை கன்னத்தைத் தடவிக்கொண்டே, வெகு மரியாதையாகக் கேட்டான்.

"அவனுக்கு ஒரு அறை விட்டாச்சா சார்... இல்ல, நான் வரணுமா?"