மேடாக எழுந்த பெயர்

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலில் கொத்தனார் வந்து இறங்கியபோது நான் ஜன்னலில்தான் இருந்தேன். வேறெங்கே இருப்பேன்? தெருவுக்குள் ஒரு புது சைக்கிள் நுழைந்தாலும் எனக்குத் தெரியாமல் போகாது.

அந்த வாசல் நடைபாதையில் அவர் மகளின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில், ஈரச் சிமெண்டில் குச்சியால் கிறுக்கியது. அப்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைக் காட்டிப் பூரித்தவர்தான். பிறகு அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். கட்டியவன் அடித்தான். போன மழைக்காலத்தில், நனைந்துகொண்டே திரும்பி வந்து இந்தக் கதவைத் தட்டினாள். இவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வாரமே அவளைப் பிணமாகப் பார்த்தோம்.

இப்போது பெயர் உறுத்துகிறதாம். "செத்தவ பேரை ஆளாளுக்கு மிதிக்கிறாங்க. பூசி விட்ருப்பா" என்றார் கொத்தனாரிடம். என்ன கரிசனம்!

மறுநாள் காலை, புதுப் பூச்சின்மேல் பெயர் அதே இடத்தில் இருந்தது. கொத்தனார் குனிந்து தடவிப் பார்த்தார்.

"கிறுக்கினா பள்ளமாத்தானே சார் இருக்கும்? இது மேடா இருக்கு."

"அதுக்கு?"

"அடியிலேர்ந்து எழுதின மாதிரி..."

"எல்லாம் எதிர்வீட்டம்மா வேலையா இருக்கும்" என்று என் ஜன்னலைப் பார்த்து முறைத்தார். தெருவில் எது நடந்தாலும் என் தலைதான் உருளும்.

தெருவோரத்திலிருந்து வாசற்படிவரை மொத்தமும் உடைத்துப் புதிதாகப் போடச் சொன்னார். காயும்வரை காவலுக்குத் தானே வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. சிமெண்ட் வாடையோடு மழை வாடையும் எழுந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

தெருவோரத்தில் சிமெண்ட் உப்பியது.

ஐந்து விரல்கள். பிறகு குதிகால்.

அதற்கு முன்னால் இன்னொரு பாதம்.

விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடித் தாழ்போட்டார். பாதங்கள் வாசற்படிவரை வந்து, ஜோடியாக நின்றுவிட்டன. அதற்கப்பால் பளபளவென்று டைல்ஸ். அவளுக்கு வழியில்லை.

பயந்தவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். நான் பக்கத்துச் சந்து வழியாக அவர்கள் ஜன்னலோரம் போய்விட்டேன். உள்ளே அவர் மனைவி கிசுகிசுத்தாள்.

"என்னங்க, பொண்ணு நனைஞ்சுக்கிட்டு நிக்குது. தொறங்க."

"வாயை மூடு."

மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

காலையில் அவர் கடைக்குப் போனதும் அவளே கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

"டைல்ஸை எல்லாம் பேத்துட்டு சிமெண்ட் போடுங்க. ஹால்லேர்ந்து அவர் கட்டில் வரைக்கும்."

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. அவளால இதுல நடக்க முடியலையே."

வேடிக்கை பார்க்க வாசலுக்கே வந்துவிட்ட என்னைக் கொத்தனார் பார்த்தார். நான் ஓரமாக நகர்ந்து அவருக்கு வழி விட்டேன்.

இப்போது மருந்துக்கடைக்காரர் மொட்டைமாடியில் குடியிருக்கிறார். கடை பூட்டிக் கிடக்கிறது. கீழே பாதங்கள் கட்டில்வரை போய், திரும்பி, மாடிப்படியின் அடியில் ஜோடியாக நிற்கின்றன. படிகள் பளிங்குக் கல்.

இன்று காலை கொத்தனார் மறுபடியும் வந்தார். வீட்டுக்காரம்மா அவருக்கு டீ கொடுத்துவிட்டு மேலே கை காட்டினாள்.

"படிக்கும் போட்டுடுங்க."

அவர் முதல் படியில் சிமெண்டைக் கொட்டிக் கரண்டியால் இழுத்தார். மட்டம் பார்க்கக் கையை எடுப்பதற்குள், அது உப்பத் தொடங்கிவிட்டது.