டேப் சுற்றிய இடம்

பால்பண்ணைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் அந்த லாரி நின்றபோது மணி பன்னிரண்டரை. வெயில் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மதுசூதன், நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றான்.

சின்னையா ஓட்டிய லாரி.

மதுசூதன் லாரி எலக்ட்ரீஷியன். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, லாரிக்கு அடியில் மல்லாந்து படுப்பவன். “அப்பா நெத்தியில திருமண், என் நெத்தியில கிரீஸ். ரெண்டு பேருமே ஒரு நாள் தவறாம இட்டுக்கறோம்” என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இன்று அந்தச் சிரிப்பு வரவில்லை.

புது லாரிகளில் புகையைச் சுத்தமாக்க யூரியா கரைசலைப் பீய்ச்சும் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் ஒயரில் தொடர்பு விட்டுப்போனால், டேங்க் நிறைய இருந்தாலும் காலி என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். நினைத்துவிட்டால் தண்டனைதான். எஞ்சினின் இழுவையைக் குறைத்து, லோடு லாரியைச் சைக்கிள் வேகத்தில் ஊர வைத்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எலி கடித்த அந்த ஒயரை ஒட்டுப்போட்டவன் மதுசூதன்தான். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள். கூட்டத்தில் காவிரிப் பாலம் அடைபடுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடத்தில், ஒயரை வெறுமனே முறுக்கி டேப்பைச் சுற்றினான். “அடுத்த வாரம் வாங்கண்ணே, ஒழுங்காப் பண்ணித் தரேன்.”

அடுத்த வாரம் சின்னையா இல்லை. சமயபுரம் தாண்டி, நடுரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்த லாரியை நிறுத்தி இறங்கி, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வேப்பங்கொத்து வைக்கப் போனவரை ஒரு கார் அடித்துப் போட்டது. தூக்கக் கலக்கத்தில் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நம் ஒட்டுதான் விட்டுப்போயிருக்குமோ? அந்தக் கேள்வியை மதுசூதன் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்தான். கேஸ், கோர்ட் என்று சும்மா நின்ற லாரியை முதலாளி ரெங்கராஜ் இப்போதுதான் ரோட்டில் இறக்கியிருந்தார். இறக்கிய மறுநாளே அதே கோளாறு.

வேறு இடத்தில் இருக்கட்டும் ரெங்கநாதா, என்று வேண்டிக்கொண்டான். பம்ப் எரிந்திருக்கட்டும். கம்ப்யூட்டரே செத்திருக்கட்டும். சின்னையா தூங்கித்தான் போயிருக்கட்டும்.

கடைசி வேண்டுதல் அவன் வாயிலேயே கசந்தது.

புது டிரைவர் பிரவீன்ராஜை, கோளாறு காட்டும் ஸ்கேனரோடு கேபினில் ஏற்றி உட்கார வைத்தான்.

“நான் அடியில ஒயரை ஆட்டிக்கிட்டே வருவேன். ஸ்கிரீன்ல நம்பர் நின்னா ‘இருக்கு’ன்னு சொல்லு. காணாமப் போனா ‘போச்சு’ன்னு சொல்லு.”

“கல்யாண வீட்டு மைக் டெஸ்டிங் மாதிரிங்களா சாமி?”

“ஆமா. சாப்பாடுதான் கெடையாது.”

லாரிக்கு அடியில் வெயில் இல்லை. ஷெட்டின் சத்தம்கூட அங்கே பாதிதான் வந்தது. பழைய டீசல், காய்ந்த சேறு, யூரியா கசிந்து உப்பாகப் பூத்த இடத்தில் மூக்கை அறுக்கும் ஒரு நெடி. மதுசூதன் மல்லாந்தபடி ஒயர்க்கட்டைப் பிடித்து ஆட்டினான்.

“இருக்கு.”

கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம்.

“இருக்கு.”

“நல்லா சத்தமாச் சொல்லுடா, பசி மயக்கமா?”

பதில் இல்லை. பம்ப்பின் ஒயரை ஆட்டினான்.

“இருக்கு.”

பம்ப் நன்றாக இருந்தது. பாழாய்ப்போன பம்ப். இனி மிச்சம் டேங்க்கின் பின்புறம். டேப் சுற்றிய இடம். அவன் கை அதை மட்டும் தாண்டி அடுத்த கிளிப்பைப் பிடித்தது.

“விட்டுட்டீங்க.”

கை நின்றது.

“என்னடா?”

“ஒரு சாண் விட்டுட்டீங்க அய்யரே.”

பிரவீன்ராஜ் அவனைச் சாமி என்பான். அய்யரே என்று அவனைக் கூப்பிட்டது ஒரே ஓர் ஆள். அய்யங்கார்ண்ணே, அய்யங்கார் என்று நூறு தடவை திருத்தியும் கேட்காத ஆள்.

மதுசூதனின் கை தானாகப் பின்னால் போனது. டேப்பைத் தொட்டது.

டேப் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல.

“போச்சு.”

அவன் இன்னும் ஆட்டவே இல்லை.

“போச்சு.”

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“போச்சு. போச்சு. போச்சு.”

குரல் இப்போது கேபினிலிருந்து வரவில்லை. சக்கரத்துக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளி.

முழங்கை தேய, முதுகு தேய, வெயிலுக்கு ஊர்ந்து வந்தான். கேபின் காலி. கதவு பூட்டியிருந்தது. ரோட்டைத் தாண்டி பிரவீன்ராஜ் கையில் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தான்.

“எலுமிச்சை சாதம் சாமி. சொல்லிட்டுத்தான் போனேன், உங்க காதுல விழல.”

“எப்படா போன?”

“நீங்க அடியில போன ஒடனே. சாவியையும் எடுத்துக்கிட்டுப் பூட்டிட்டுப் போனேனே.”

சாவி போடாமல் ஸ்கேனரில் ஒன்றும் வராது. கண்ணாடி வழியே பார்த்தான். ஸ்கிரீன் கறுப்பாகக் கிடந்தது.

பிரவீன்ராஜைப் பக்கத்தில் குந்த வைத்துக்கொண்டு, டேப்பை அறுத்துப் பிரித்தான். பச்சை பூத்த இரண்டு செம்பு முனைகள், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

ரெங்கராஜுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

“அட விடுங்க மது” என்றார் அவர். “தூங்கிட்டாருன்னு எழுதியாச்சு. செத்தவரு வந்து அப்பீலா பண்ணப் போறாரு? பத்த வச்சு வண்டிய அனுப்புங்க.”

மதுசூதன் போனை வைத்தான். சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ‘சின்னையா டிரைவர்’ என்று போனில் இருந்த நம்பரை அழிக்க இத்தனை நாளும் அவனுக்கு மனம் வந்ததில்லை. திருவெள்ளறையில் அவர் மனைவி மலர்க்கொடி அந்த நம்பரையே வைத்திருப்பதாகக் கேள்வி.

நான்காவது ரிங்கில் எடுத்தாள்.

“யாருங்க?”

“மதுசூதன்மா, எலக்ட்ரீஷியன். உங்க வீட்டுக்காரர் தூங்கல. நான் போட்ட ஒட்டு விட்டு, வண்டி இழுக்காம நின்னுடுச்சு. தப்பு என்னோடது. எங்க வேணாலும் வந்து எழுதிக் குடுக்கறேன்.”

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“ரெண்டு வருஷமா ஊரே என்னைத் தூங்குமூஞ்சி பொண்டாட்டின்னுச்சு. இப்ப வந்து சொல்றீங்க.”

“தப்புதாம்மா.”

“எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?” குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். “மத்தியானமானா வந்து குந்திக்கிட்டு, நான் தூங்கல, நான் தூங்கலன்னு ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுடுச்சு. அவர்கிட்டயே சொல்லுங்க. இருங்க, குடுக்கறேன்.”

போன் கை மாறியது.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.