நாற்பத்து மூன்று சதவீதம்

ஹார்டு டிஸ்க் சூடாகவே இல்லை. காலை பத்து மணியிலிருந்து ஓடுகிறது, இந்நேரத்துக்குத் தொட்டவுடன் விரலை இழுத்துக்கொள்ள வைக்கிற சூடு இருக்க வேண்டும். அவன் மேலே விரலை வைத்துப் பார்த்தான். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி ஈரமாகச் சில்லிட்டிருந்தது. ஏசிக் காற்று நேராக அடிக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு விரலைப் பேன்ட்டில் துடைத்தான். ஏசி ரிப்பேராகி இரண்டு நாளாகிறது என்பது அவனுக்கும் தெரியாமல் இல்லை.

அந்தக் குளிர்கிடங்கில் அவனை எல்லாரும் ‘கேமரா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து உறைகுளிர் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி; வெளியே வராண்டாவில் இன்னொரு கேமரா. மாடியில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது, மாலை நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் பத்து கதவுகளையும் பட்டன் தட்டிப் பூட்டுவது, கேமராக்கள் எடுப்பதையெல்லாம் யூ.எஸ்.பி. ஒயரில் தொங்கும் அந்த ஹார்டு டிஸ்கில் பத்திரப்படுத்துவது, இவ்வளவுதான் அவன் வேலை. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் திரையில் பத்து எண்ணும்வரை பார்க்க வேண்டும். பிறகு மைக்கில் ஒரு தடவை, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று குரல் கொடுக்க வேண்டும். அது எழுதி ஒட்டாத சட்டம்.

போன சனிக்கிழமை அவன் பார்க்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. கைபேசியில் மேட்ச் கடைசி ஓவரில் இருந்தது. கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமலே ஹார்மோனியம் வாசிக்கிற மாதிரி பத்து பட்டன்களையும் வரிசையாகத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஏழாம் அறையில் கடைசி அடுக்குக்குப் பின்னால் நெட்டை பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஆள் நிஜமாகவே நெடுநெடு உயரம், அதனால் அந்தப் பெயர். ஏழிலும் எட்டிலும் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு மாதமாகிறது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது நெட்டை கேமராவுக்கு நேர் கீழே, தலையைத் தூக்கியபடியே விறைத்துச் செத்துக் கிடந்தான்.

நேற்று நெட்டையின் மனைவி கேட்டுக்கு வந்திருந்தாள். “நீங்க பார்த்துட்டுதானேண்ணே இருந்திருப்பீங்க?” என்று அவனிடம்தான் கேட்டாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போயிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“என்ன மாப்ள, ஆச்சா?” என்று உள்ளே வந்தார் மேனேஜர். அவனுடைய மனைவிக்கு அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், கைப்பிடியை ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று எட்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

“இல்ல மச்சான். நாப்பத்தி மூணு சதவீதத்துல நின்னுடுது. எழுத முடியலன்னு வருது.”

“நாலு மணிக்கு விசாரணை ஆபீசர் வந்துடுவார். அந்த டிஸ்கைத்தான் முதல்ல கேப்பார். பழச அவர் பார்த்தா நீயும் நானும் கம்பி எண்ண வேண்டியதுதான். புரியுதில்ல?”

புரியாமல் என்ன? திட்டம் மச்சானுடையது. போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமையின் பதிவை எடுத்து, தேதியை மாற்றி, செத்த நாளின் பதிவு மேல் எழுதிவிட வேண்டும். அதில் நெட்டை சரியாக நான்கு மணிக்கு அறையை விட்டு வெளியே போவான். பிறகு திருடுவதற்காகப் பின்வாசல் வழியாக அவனே வந்து அறைக்குள் மாட்டிக்கொண்டான் என்று கதையை முடித்துவிடலாம். செத்தவனைத் திருடனாக்குவது பாவம் என்று அவனுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் மகள் எட்டாவது படிக்கிறாள். அப்பா ஜெயிலில் என்றால் அவளை யார் பார்ப்பார்கள் என்று நினைத்து நினைத்தே அவன் மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

ஒயரை மாற்றினான். வேறு துளையில் செருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். டிஸ்க் பூட்டியிருக்கிறதா, இடம் நிரம்பிவிட்டதா, எங்காவது பழுதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். எல்லாம் சரி என்றே பதில் வந்தது. மறுபடி எழுதச் சொன்னால் பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடி, நாற்பத்து மூன்றில் வந்து நின்று, டிஸ்குக்குள் யாரோ நகத்தால் கீறுவது போல ஒரு சத்தம் கேட்டு, அதே வாசகம் வந்தது. எழுத முடியவில்லை.

நாற்பத்து மூன்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்த முந்தைய சனிக்கிழமைப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தான். நெட்டை நீலக் கோட்டைக் கழற்றி மாட்டுகிறான். கதவருகே வந்து, தினமும் செய்வது போலவே கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட் அடிக்கிறான். ‘கேமராண்ணே, வரட்டா?’ என்று அந்த உதடு அசைவதுகூடத் தெரிந்தது. ஒரு காலை வாசலுக்கு வெளியே தூக்குகிறான். அங்கேதான் நாற்பத்து மூன்று. ஒவ்வொரு தடவையும் நெட்டையின் கால் வாசலைத் தாண்டும் இடத்தில்தான் டிஸ்க் மறுத்துக்கொண்டிருந்தது.

நெட்டை செத்த நாளின் பதிவையே அழித்துவிடலாம் என்று பார்த்தான். புதிதாக ஒரு செய்தி வந்தது. இந்த ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது. ஏழாம் கேமரா இதில் எழுதிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை அவன்தான் பதிவை நிறுத்தினான். ஃபைலின் நீளத்தைப் பார்த்தான். சனி மாலையில் தொடங்கிய பதிவு, இன்று புதன், மணி இரண்டு ஐம்பத்தொன்று, நொடிக்கு நொடி வளர்ந்துகொண்டே போனது.

திறந்திருக்கக் கூடாது. திறந்தான்.

வெண்பனி பிடித்த அடுக்குகள். மங்கல் விளக்கு. கேமராவுக்குக் கீழே நெட்டை நின்றுகொண்டிருந்தான். தலையைத் தூக்கி நேராக இவனையே பார்த்தான். அந்தக் குளிரில் யார் நின்றாலும் மூச்சு புகையாக வரும். நெட்டையின் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“மச்சான்...” என்று இவன் முனகினான்.

திரையில் அந்த உதடுகள் ‘மச்சான்’ என்றன.

மேஜை மேலிருந்த மைக்கின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே எரிந்திருக்க வேண்டும். அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஏழாம் அறையின் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கும். பாடம் படிக்கிறவன் போல உதடுகளைத் திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டிருந்தான் நெட்டை. இவன் பாய்ந்து மைக்கை அணைத்தான்.

“மச்சான், அவன் அங்க நிக்கிறான். பாருங்க.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். “எவன்? ரூம் காலியா கெடக்கு. தூக்கமில்லாம உனக்கு மண்டை கொழம்பிப் போச்சு.” பிறகு செய்தியைப் படித்தார். “கேமரா எழுதிட்டே இருந்தா நீ எப்படி எழுதுவ? கீழ போய் அந்த ஒயரப் புடுங்கிடு. நான் இங்க இருந்து எழுதுற பட்டனத் தட்டுறேன்.”

“நீங்க போங்க மச்சான்.”

“எனக்கு எந்த ஒயர்னு தெரியும்? போடா, ரெண்டு நிமிஷ வேலை.”

“கதவப் பூட்டிடாதீங்க. உள்ள கைப்பிடி இல்ல.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் மச்சான். அவருக்குத் தெரியாமல் என்ன!

பட்டப்பகல்தான். கீழ்த்தளத்து வராண்டாவில் வெயில் பளீரென்று விழுந்திருந்தது. வேலையாட்களுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்ததால் கம்ப்ரஸர்களின் உறுமலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஏழாம் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. ஈர அட்டைப்பெட்டி வாசனை, இரும்பு வாசனை, அதற்கு அடியில் இன்னதென்று சொல்லத் தெரியாத இன்னொரு வாசனை. உள்ளே ஒருவரும் இல்லை. அவன் ஒரு காலி பிளாஸ்டிக் கிரேட்டைக் கதவிடுக்கில் கொடுத்து, அசைத்துப் பார்த்துவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு நிமிஷத்துக்காகக் கோட்டை மாட்டுவானேன் என்று கட்டம் போட்ட சட்டையோடே போனான்.

ஸ்டூலைப் போட்ட இடம் நெட்டை கிடந்த இடம். அவன் கீழே பார்க்காமல் ஏறினான். ஒயர் உறைந்து கம்பியாகியிருந்தது. இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். பட்டென்று அறுந்து கையோடு வந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. “நாப்பத்தி நாலு! தாண்டிடுச்சு மாப்ள! அறுபது... எண்பது...”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டூல் மேலேயே நின்று மூச்சு விட்டான். புகையாகப் போயிற்று மூச்சு.

“முடிஞ்சிடுச்சு மாப்ள! வராண்டா கேமராவுல நீ வர்றது தெரியுது. மெதுவா வா, என்ன அவசரம்? நான் கதவப் பூட்டிடுறேன்.”

அவன் திரும்பினான்.

கிரேட் அங்கே இல்லை. கனத்த கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. இடுக்கில் வெயில். வெயிலில் ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை. அவனுடைய சட்டை. அவனுடைய நடை.

குதித்தான். ஓடினான். வழுக்கினான்.

டக்.

கதவைத் தட்டினான். கத்தினான். கேமராவைப் பார்த்துக் கைகளை ஆட்டினான். ஒயர் கீழே கிடந்தது. அவன்தான் அறுத்திருந்தான்.

மேலே மைக்கை யாரும் அணைக்கவில்லை. கண்ட்ரோல் ரூம் கதவு திறக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

“வா மாப்ள, உட்காரு. நல்லவேளை, நேரத்தோட முடிச்சோம்.”

“எட்டுலயும் இதே பிரச்சினைதான் மச்சான்.” அவனுடைய குரல். அவனுடைய அதே இழுவை. “அந்தக் கேமராவையும் புடுங்கணும். எனக்குக் கை மரத்துப் போச்சு. நீங்க போய்ட்டு வந்துடுங்களேன். இழுத்தா வந்துடும்.”

“போகாதீங்க மச்சான்!” என்று ஏழாம் அறைக்குள்ளிருந்து அவன் கதறினான். “மச்சான், அது நான் இல்ல!”

நாற்காலி நகர்ந்தது. “சரி சரி, போறேன். பூட்டிடாத.”

“எனக்குத் தெரியாதா மச்சான்?”

அவன் எண்ணவில்லை. எத்தனை நிமிஷமோ. விரல்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் கதவு மூடும் அதிர்வு.

டக்.

பிறகு ஒலிபெருக்கியில் புதுக் குரல், அதிகாரமான குரல். “யாரும் இல்லையா இங்க? மேனேஜர் எங்க?”

“வாங்க சார். அவர் உள்ள ஒரு வேலையா போயிருக்காரு. கேமரா பார்க்கிறவன் நான்தான்.”

“சனிக்கிழமை கதவப் பூட்டினது நீங்களா? உள்ள பார்த்துட்டுதான் பூட்டினீங்களா?”

“பார்க்கல சார். மேட்ச் பார்த்துட்டு இருந்தேன். அந்த ஆள் நாலு மணிலேர்ந்து கேமரா முன்னாடி கையாட்டினாரு. எல்லாம் டிஸ்க்ல இருக்கு. அதை மாத்தப் பார்த்தோம் சார், முடிஞ்சுதுன்னு காட்டுச்சு, ஆனா எழுதல. அவர் திருடல. அப்படியே எழுதிக்குங்க சார்.”

அவன் கதவில் தலையை மோதினான். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு உரிந்தது. எட்டாம் அறைச் சுவரிலிருந்தும் தட்டும் சத்தம் வந்தது. முதலில் படபடவென்று. பிறகு விட்டு விட்டு. அவனும் தட்டினான்.

“அது என்ன சத்தம், கீழ?” என்றார் அதிகாரி.

“ஐஸ் இறுகுற சத்தம் சார்.”

“ரூமுக்குள்ள யாரும் இல்லையே?”

அவன் தலைக்கு மேலே குளிர்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின.

“இன்னிக்கு நல்லாப் பார்த்துட்டுதான் சார் பூட்டினேன்.”