கட்டிலுக்கடியில் ஒரு பச்சைப் பெண்

மனித குலத்தின் ஆணவத்தை அண்ட சராசரத்தின் முன்னால் கூண்டிலேற்றிய மாபெரும் கலைப்படைப்பு, அன்று மாலை முதன்முதலாகத் திரை கண்டது. பார்த்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். தயாரிப்பாளர் தூங்கிவிட்டதால், எட்டு.

ஆனால் கார்ட்டூன் படம் நிஜமாகவே அழகு! பச்சை நிறத்து ஜனங்கள் தம்பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஒரு கிரகம். வானத்திலிருந்து தொப்பென்று ஒரு மனிதன் விழுகிறான். யார் வீட்டுத் தோட்டத்திலோ கொடியை நட்டு, "இன்று முதல் இது எங்கள் மண்!" என்று முழங்குகிறான். "ஐயோ, மனுஷன் வந்துட்டான்!" என்று ஊரே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது.

கதாநாயகியான பச்சைப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள், அண்ணனோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், அது நீதான்டி!" அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பொய் சொல்றப்ப கீழுதட்டைக் கடிக்கிறா பாரு... ஒரு கண்ணு மட்டும்தான் எக்ஸ்ட்ரா!"

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. வசனம் பேசும்போது எதிரே கேமரா வைத்தார்களே... வாயசைவுக்குத்தான் என்றார்களே!

"இதை வரைஞ்சவன் மட்டும் கையில கிடைக்கட்டும், விரலை ஒடிச்சிடறேன்!"

அவளுக்கு மறுபக்கத்து இருக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நெட்டையன், சட்டென்று வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

படம் முடிந்ததும் நேரே டைரக்டரிடம் போனாள். "ஒண்ணு, மூஞ்சியை மாத்துங்க. இல்ல, என் குரலை எடுத்துடுங்க."

வெளியே மழை... அண்ணன் வண்டி எடுக்கப் போயிருந்தான். வாசல் கூரையடியில் அவளும் அந்த நெட்டையனும்தான். ஒரு மழைத்துளி அவள் இமையில் உட்கார்ந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. தன்னை மறந்து அவன் கைக்குட்டையை நீட்டினான்.

கையில் கறுப்பு உறை... கடைசி இரண்டு விரலுக்கு மட்டும். கணினிப் பலகையில் வரைகிறவர்கள் கை ஒட்டாமலிருக்க மாட்டுவது. கழற்ற மறந்திருந்தான்.

"நீங்கதானா அது!"

"விரலைத் தவிர வேற எதையாவது ஒடிங்க... தொழில் போயிடும். மூஞ்சியை மாத்திடறேங்க. எல்லாத்தையும் மறுபடி வரையறேன். அந்தக் கட்டிலடி சீனை மட்டும் விட்டுடுங்க."

படத்தில், கொடி நட்ட அந்த மனிதனும் பயந்துபோய் அதே கட்டிலுக்கடியில் வந்து ஒளிவான். பச்சைப் பெண் நடுங்கும் கையை நீட்டி, "எனக்கு உன்கிட்ட பயமே இல்ல" என்பாள்.

"ஏன், அதுல என்ன?"

"அதைப் பேசினப்போ உதட்டைக் கடிச்சீங்க. பயமும் பாசமும் ஒண்ணா... எனக்கு அப்படி வரையத் தெரியாதுங்க. உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு வருஷமா தினமும் பாக்கற முகம் எனக்கு நீங்க. உங்களுக்கு நான் இன்னிக்குத்தான். கேக்காம கொள்ளாம உங்க உலகத்துல இறங்கின மனுஷன் நான்தான்."

அவள் கோபம் எங்கேயோ வழுக்கி விழுந்தது.

"கொடி கிடி நட்டுடலையே?"

"நட்டுட்டேங்க..."

அவள் கைக்குட்டையை வாங்கி இமையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்த வேண்டாம்னு டைரக்டர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள். "படத்துக்காகத்தான்."

"எனக்காக இல்லையா?"

"இல்லவே இல்ல!" என்று கீழுதட்டைக் கடித்தாள்.

அத்தனை முறை வரைந்தவனுக்கா தெரியாது!

கைக்குட்டை அவளிடம் இருந்ததால், அவன் அந்த உறையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.